பவளத்தின் இரத்தத்தில் ஈயம்

மார்ச் 3, செவ்வாய்

விடியவே மழை. கொட்டில் கூரை ஒழுகவில்லை. ஒழுகினால் வேலை இல்லை. உருகின ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், அவ்வளவும் முகத்துக்கு வரும்.

கென்னுக்கு எட்டுக் கட்டி வார்த்து முடித்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன். பஸ் ஓடி ஓய்ந்தவன். ஞாயிறு தோறும் கிளப்புக்குப் போய்க் கடதாசியில் சுட்டு ஓட்டை போடுகிறான். லைசென்ஸ் எல்லாம் இருக்கிறது. கைத்துவக்கை இந்த நாட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். அதே குண்டு போடுகிற நீளத் துவக்கு ஒன்று வைத்திருக்கிறான். குண்டு தானே வார்ப்பான். ஈயம் கலந்து கொடுப்பது நான். தனி ஈயம் மெது, துவக்குக் குழாய்க்குள் பூசிக்கொள்ளும். பழைய அச்செழுத்தில் அன்ரிமனி என்ற உலோகம் இருக்கிறது, அது இறுக்கம். கொஞ்சம் வெள்ளீயம் போட்டால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். கென் புத்தகம் பார்க்கிறான், தராசு வைக்கிறான். நான் கட்டியைச் சீமெந்தில் போட்டுச் சத்தம் கேட்கிறேன். ஆர் சொல்கிற கலப்புச் சரி என்று நாலு தரம் போட்டி. நாலு தரமும் எனக்குத்தான் வெற்றி.

ஊரில் முப்பது வருசம் பற்றரிக் கடை, வலைக்காரருக்கு ஈயக்குண்டு. துவக்குக்கு ஒரு குண்டும் வார்க்காதவன். லண்டனுக்கு வந்து வார்க்கிறேன், கடதாசி சுட.

மனிசி பவளம் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாம் நாள். மார்கழி தொடக்கம் வயிற்றுக் குத்து. முதலில் காஸ் என்றார்கள். பிறகு இரத்தம் போதாது என்று கறுப்புக் குளிசை. போன கிழமை தேத்தண்ணிக் கோப்பை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மணிக்கட்டு நிமிரவில்லை. இப்போது இரத்தத்தில் ஈயமாம்.

சின்ன டொக்டர், பெண். சொல்லும்போதே என் கையைப் பார்த்தாள். என் நகத்தை.

மகன் ரவி மொழிபெயர்த்தான். "வீட்டிலை ஈயத்தோடை வேலை செய்யிற ஆக்கள் இருக்கினமோ எண்டு கேக்கிறா."

"ஆர் கேக்கிறது? அவவோ, நீயோ?"

"அப்பா, இது ஆஸ்பத்திரி. மெதுவாக் கதையுங்கோ."

மெதுவாகத்தான் கதைத்தேன். பக்கத்துக் கட்டில் கிழவி எழும்பி இருந்துவிட்டாள்.

இந்தக் கொப்பி பவளம் வாங்கித் தந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குக் கலியாணம் முடித்தபின் எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தவளும் அவள்தான். "கத்துறதைக் கொப்பியிலை கத்துங்கோ, வீட்டிலை இருக்கிற சனம் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். கத்துகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் வந்து திருத்தட்டும்.

மார்ச் 4, புதன்

மழை விட்டது. நரி குப்பையைக் கிழித்துப் போட்டிருக்கிறது. கோழி எலும்பு வாசல் முழுக்க. கூட்டினது நான்.

ஈயம் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கப் பத்து மணிக்குக் கவுன்சில் பொம்பிளை வந்தாள். நீலக் கையுறை, காலுக்குப் பிளாஸ்டிக் பை. மொழிபெயர்ப்புக்கு ரெலிபோனில் ஒரு பிள்ளை, தமிழ்நாட்டுப் பேச்சு.

"ஐயா, வணக்கம். உள்ள வச்சு சாப்பிடுவீங்களான்னு மேடம் கேக்கறாங்க."

"எதுக்குள்ளை?"

"அந்த ஷெட்டுக்குள்ள, ஐயா."

"நான் என்ன நாயோ?"

"அப்படியே சொல்லிடவா ஐயா?"

"அப்பிடியே சொல்லும்."

சொன்னாளோ தெரியாது. மேடம் சிரித்தாள்.

கொட்டிலைக் காட்டினேன். என் சட்டங்கள், ஒன்றொன்றாக:

கொட்டில் உடுப்பு வேறு. வீட்டுக்குள் வராது. தோய்ப்பது நான், கொட்டில் வாளியில்.
சப்பாத்து வேறு.
கை இரண்டு தரம் கழுவி, நகத்துக்குப் பிரஷ்.
கதவும் யன்னலும் திறந்து. வாய்க்கு மூடி.
தேத்தண்ணி இல்லை, வெற்றிலை இல்லை.
ஈரக்கை இல்லை. ஈரத்தலை இல்லை. ஆருடைய தலையானாலும்.

கடைசிச் சட்டம் போன நவம்பரில் வந்தது. பவளம் முழுகிவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றாள். எனக்குச் சட்டி நிறைய ஈயம், கையில் அகப்பை. நான் கத்தின கத்தில் கென் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பவளம்தான். கென் அன்றைக்கே கதைத்தான்.

மேடம் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துப் பைக்குள் போட்டாள். மின்சாரச் சட்டியைப் படம் எடுத்தாள். இதற்கு முதல் எதில் உருக்கினீர்கள் என்று கேட்டாள். இரும்புத் தாச்சியில், ஊற்ற வசதியாக விளிம்பில் நானே சுத்தியலால் வாய் அடித்தது என்றேன். அது இப்போது எங்கே?

"எறிஞ்சாச்சு. கென் மின்சாரச் சட்டி தந்த அண்டைக்கே."

"நல்லா ஞாபகம் இருக்கா ஐயா?"

"பிள்ளை, நான் முதன்முதலாக் கடையிலை வித்த பற்றரியின்ரை நிறம் கேளும், சொல்லுறன்."

நிறம் கேட்கவில்லை. பச்சை.

குசினிக்குள்ளும் போனாள். குழாய்த் தண்ணீர் எடுத்தாள். மருமகள் சுகந்தி சட்டி பானை எல்லாம் மேசையில் பரப்பிக் காட்டினாள். சாமி அறை வாசலில் மேடம் தன் காலைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றாள். மரியாதை தெரிந்தவள். போகும்போது கொட்டிலைப் பூட்டச் சொன்னாள். ரவி பூட்டித் திறப்பைத் தன் பொக்கெற்றில் போட்டான். என் கொட்டில். அவன் பொக்கெற்.

எல்லாருக்கும் இரத்தம் எடுத்தாயிற்று. எனக்கு இரண்டு கையிலும் குத்தினார்கள். நரம்பு ஒளிக்குதாம்.

மார்ச் 6, வெள்ளி

குளிர். பஸ் பதினெட்டு நிமிசம் பிந்தி. வந்ததும் நிற்காமல் போனது. கைத்தடியால் அடித்தேன், எட்டவில்லை.

பவளம் ஒன்றும் சாப்பிடவில்லை. வாழைப்பழமும் பிஸ்கற்றும் மட்டும்.

"கோழிக்குப் போட்ட அகப்பையைத்தான் பருப்புக்கும் போடுகினம். நான் கண்ணாலை கண்டனான்."

"மருந்துக்கு வயித்திலை ஏதும் வேணும் எல்லே!"

"கத்தாதேங்கோ."

போன ஆடியில் எனக்கு நெஞ்சைப் பிளந்து ஒப்பரேசன். அப்போது வைத்த நேர்த்தி. நான் பிழைத்தால் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் சாகும் மட்டும் தொடமாட்டாளாம். கந்தசஷ்டியில் தொடங்கினாள். மச்சம் பட்ட சட்டியில் சமைத்ததும் வேண்டாம், மச்சக் கை பட்டதும் வேண்டாம். பிள்ளைகள் வேலைக்கும் நான் கொட்டிலுக்கும் போனபிறகு தனியச் சமைத்து, தனியச் சாப்பிட்டு, கழுவி வைத்துவிடுவாள். புளிக்குழம்பு, தக்காளி ரசம், நாளும் பொழுதும் புளி. நான் கேட்டேனா நேர்த்தி வைக்கச் சொல்லி? டொக்டர் தைத்தான், நான் பிழைத்தேன். முருகனுக்கு மீன் கணக்கு எதற்கு?

இதை அவளிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பினபோது கை தலையணையில் தொங்கினது. மடித்து வைத்த சீலை மாதிரி.

வெளியில் ரவி. "எங்கையிருந்து வந்ததெண்டு கண்டுபிடிக்கும் மட்டும் அம்மாவை வீட்டை விடமாட்டினம். திரும்ப அதே வீட்டுக்கு வந்தா மருந்து குடுத்தும் பிரயோசனம் இல்லையாம். அக்கா குரோய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டுறா."

"கூட்டிக்கொண்டு போகட்டும். நானும் போறன்."

"அக்காவின்ரை பிளாற்றிலை ஒரு அறை அப்பா. நீங்கள் இஞ்சை."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்கட ஈயம் இருக்கும் மட்டும்."

நாற்பத்தெட்டு வருசத்தில் ஒரே ஒரு தரம்தான் பிரிந்திருந்தோம். நான் முதல் வந்தேன், அவள் இரண்டு வருசம் கழித்து வந்தாள். அது இரண்டு அரசாங்கம் செய்த வேலை. இது நான் பெத்த பிள்ளை.

மார்ச் 10, செவ்வாய்

வெயில். மரியாதைக்கு ஒரு மணித்தியாலம்.

இரத்த முடிவு வந்தது. ரவி, சுகந்தி: ஒன்றும் இல்லை. எனக்கு: கொஞ்சம். ஈயத்தோடு வேலை செய்கிற ஆளுக்கு இது நல்ல முடிவு, இப்படியே கவனமாக இருங்கோ என்று டொக்டர். பவளத்துக்கு: என்னைவிட ஐந்து மடங்கு.

மேசையில் அடித்தேன். கோப்பை துள்ளினது.

"இப்ப சொல்லுங்கோடா! சட்டிக்கு முன்னாலை நிக்கிறவன் நான். கொட்டிலுக்குள்ளை கால் வையாதவள் அவள். என்ரை கொட்டிலிலை இருந்து வந்ததெண்டா முதல் ஆருக்கு வரவேணும்?"

சுகந்திதான், மெதுவாக. "மாமா, இது சந்தோசப்படுற விசயமே?"

அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் சத்தம் போட்டதில்லை. இன்றைக்கும் போடவில்லை. அது சத்தம் போடுவதைவிட மோசம்.

சரி. கொட்டில் இல்லை. அப்போது எது?

குழாய். கவுன்சில் பார்த்துவிட்டது, சரியாம்.
யன்னல் பெயின்ற். பழைய வீடு. ஆனால் அவள் யன்னலை நக்குகிறவள் இல்லை.
குங்குமம். ஊரிலிருந்து வந்த டப்பி.
சுகந்தியின் பெரியம்மா செவன் கிங்ஸ் ஸ்ரேசனடியில் வைத்துக் கொடுத்த லேகியம். மூட்டு வலிக்காம். ஆர் கிண்டினது, எதில் கிண்டினது, கடவுளுக்குத்தான் தெரியும்.

லேகியம்தான். எனக்குத் தெரியும்.

மார்ச் 11, புதன்

காற்று. வேலிப் பலகை ஒன்று போய்விட்டது.

பெரியம்மாவுக்கு ரெலிபோன் அடித்தேன்.

"என்னத்தைக் கிண்டிக் குடுத்தனீர்?"

"ஐயோ அண்ணை, அது கடைப் போத்தில். மூண்டு வீட்டுச் சனம் சாப்பிடுது."

"மூண்டு வீட்டையும் இரத்தம் குத்திப் பாக்கச் சொல்லும்!"

வைத்துவிட்டாள். அலுமாரியில் போத்திலைப் பார்த்தேன். மூடி உடைக்கவே இல்லை. பவளம் தொடவில்லை.

குங்குமத்தை எறிந்தேன். சுகந்தி அழுதாள், அது அவளுடைய கலியாணக் குங்குமமாம். எனக்கு எப்படித் தெரியும்? சிவப்பு எல்லாம் சிவப்பு.

பின்னேரம் கென் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி. சட்டி, கட்டி, எல்லாவற்றையும் தன் பக்கம் எடுத்துவிடுகிறேன் என்றான். பவளத்தின் பெயரைச் சொன்னான். "பாவலம்." பதினொரு வருசமாகப் பாவலம். சுகம் எப்படி என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த இங்கிலிசில் ஏசினேன். உன்ரை குண்டு, உன்ரை கிளப், உன்ரை கடதாசி. அவன் கதிரையில் இருந்து தொப்பியைச் சுற்றினான். பிறகு, மனிசி செத்த வருசம் தனக்கும் ஆரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது என்றான். அல்லது அப்படித்தான் எனக்கு விளங்கினது.

இவள் சாகவில்லை என்றேன். ஓம், ஓம் என்றான். இந்த ஒரு தமிழ்ச் சொல் மட்டும் நல்லாச் சொல்வான்.

மார்ச் 13, வெள்ளி

தூறல். ஏழரைக்கு ரெலிபோன். பவளம். தாதியின் போனில்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு வெள்ளி. பசிக்குது."

பசிக்குது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு முதல் தரம்.

"என்ன வேணும், சொல்லு."

"சுகந்தி நிக்கிறாளே? தலை முழுகிப்போட்டு ஒரு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கச் சொல்லுங்கோ. வேறை சட்டியிலை வைக்க வேண்டாம். என்ரை தாச்சி இருக்கு."

"எங்கை?"

"சாமி அலுமாரிக்குக் கீழ்த்தட்டிலை, வெள்ளை வேட்டித் துணியாலை சுத்தி. நீங்கள் தொடாதேங்கோ. நேற்று மீன் திண்டிருப்பியள்."

திண்டனான்தான்.

சுகந்தி முழுகப் போனாள். எனக்கு அவசரம். பசிக்குது என்றாளே. முழங்காலில் நின்று கீழ்த்தட்டைத் திறந்தேன். என் பழைய வேட்டித் துணி, கிழித்து, மூலைக்கு மூலை முடிச்சு. அவிழ்த்தேன்.

வாய் அடித்த விளிம்பு. நான் அடித்த வாய். சுத்தியல் பட்ட பள்ளம் ஏழு, இரண்டு ஒன்றின்மேல் ஒன்று. ஒரு காது உடைந்தது, அது சீமெந்தில் விழுந்த நாள். உள்ளுக்குள் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறாள், எண்ணெய் பூசி. ஆனால் அடியில், இரும்பின் சொறிக்குள், மங்கல் சாம்பல் நிறம். எனக்குத் தெரியாத நிறமா? நகத்தால் கீறினேன். வந்தது.

முழங்காலில் அப்படியே இருந்தேன்.

எனக்கு மறதி இல்லை என்று எல்லாருக்கும் சொல்கிறவன். நவம்பர். சஷ்டி தொடங்கின நாள். அவள் முழுகிவிட்டு ஈரத்தலையோடு வாசலில். நான் கத்தினது முழுக்க ஞாபகம். கென் எட்டிப் பார்த்தது ஞாபகம். அகப்பையில் எவ்வளவு ஈயம் இருந்தது என்றுகூட. அவள் எதற்கு வந்தாள் என்பது மட்டும் இவ்வளவு நாளும் வரவில்லை. இப்போது வந்தது, ஒரு சொல் குறையாமல்.

"இஞ்சருங்கோ, உந்தக் குப்பை வாளியடியிலை வைச்சிருக்கிற தாச்சி, அதிலை மச்சம் ஏதும் பட்டதோ?"

"ஒரு மச்சமும் படேல்லை! ஈயத்தைத் தவிர அதிலை ஒண்டும் படேல்லை! எடுத்துக்கொண்டு போ, ஈரத்தலையோடை நிக்காதை!"

எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வீட்டில் ஒவ்வொரு சட்டியும் மீன் கண்டது, கோழி கண்டது. அது ஒன்றுதான் காணாதது. நான் புதிதாக வாங்கி ஈயத்துக்கு மட்டும் வைத்திருந்தது. நவம்பர் தொடக்கம், நாளும் பொழுதும், ஈயத்தைக் கரைக்கிற புளி விட்டுச் சமைத்தாள்.

சுகந்தி ஈரத்தலையோடு வந்து நின்றாள். "மாமா, ஏன் நீங்கள் தொட்டனீங்கள்? மாமி ஏசப் போறா."

தாச்சியைக் காட்டினேன். அதன் வாயைக் காட்டினேன்.

ரவி வேலையிலிருந்து ஓடி வந்தான். குசினியில் நின்று, யார் இதை உள்ளே விட்டது, ஏன் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று சுகந்தியைப் பார்த்துக் கத்தினான். என் குரல் அப்படியே. இவ்வளவு நாளும் நான் கேட்டதில்லை, வெளியிலிருந்து.

"அவளைப் பாத்துக் கத்தாதை. நான்தான் குடுத்தது."

"என்ன?"

"நான் குடுத்தனான். அவ கேட்டவ."

சுகந்தி கடையில் புதுப் பானை வாங்கி, அதில் குழம்பு வைத்து அனுப்பினாள். ரவிதான் கொண்டுபோனான். நான் போகவில்லை. போயிருக்கலாம். பஸ்ஸும் வந்தது.

மார்ச் 14, சனி

வெயில். இனி ஈயம் வார்க்கிறதில்லை என்று கென்னிடம் சொல்லிவிட்டேன். ரவியிடம் திறப்பு வாங்கி, கட்டிகளை வேலிக்கு மேலால் கொடுத்தேன், பத்தொன்பது. ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் வாங்கினான். ஒன்றைச் சீமெந்தில் போடச் சொன்னான். போட்டேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது.

தாச்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் கையுறை போட்டு வாங்கிப் பார்த்தாள். இது போதும், திங்கட்கிழமை வீட்டுக்கு விடலாம், மருந்து வீட்டிலும் தொடர வேண்டும் என்றாள். இந்தத் தரம் என் நகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பவளம் பையைப் பார்த்தாள்.

"அதை ஏன் கண்ட கண்ட ஆக்களெல்லாம் தொடக் குடுத்தனீங்கள்?"

சொன்னேன். முழுக்க. ஈரத்தலை, நவம்பர், அவள் கேட்டது, நான் சொன்னது. மெதுவாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் கிழவி நித்திரை.

அவள் கன நேரம் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மற்றக் கையால் அதைத் தூக்கிப் பிடித்து, விட்டுப் பார்த்தாள். விழுந்தது. திரும்பத் தூக்கினாள்.

"மச்சம் படேல்லைத்தானே?"

"படேல்லை."

"அப்ப என்ரை நேர்த்தி முறியேல்லை."

"இல்லை."

"நல்ல தாச்சி. வாயாலை ஊத்த ஒரு சொட்டும் சிந்தாது." பையைத் திரும்பவும் பார்த்தாள். "இனி ஒண்டு வாங்கோணும்."

"திங்கட்கிழமைக்கு முதல் வாங்கி வைக்கிறன்."

"நீங்கள் வாங்க வேண்டாம்" என்றாள். "சுகந்தி வாங்கட்டும்."